எச்சில் கோடு

தண்ணீரில் நைட்ரைட் உப்பு இருக்கிறதா என்று பார்க்கும், தங்க நுண்துகள் பூசிய மின்முனை புதிதாக வந்தால், அந்த ஆய்வகத்தில் ஆளாளுக்கு முதலில் தங்கள் எச்சிலில் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். எச்சிலிலும் அது உண்டு. திரையில் கோடு ஏறும். போன மாதம் இறந்துபோன சீனியரின் கோடுதான் எப்போதும் உயரம். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

இன்று அவருடைய பக்கத்து மேசைக்காரி, குவளையில் இருந்த காய்ச்சி வடித்த வெறும் நீரில் முனையை விட்டாள். கோடு ஏறி, அவர் உயரத்தில் நின்றது.

"கழுவிட்டுப் பாருங்கக்கா," என்றாள் அருகில் நின்ற தோழி.

கழுவினாள். மறுபடியும் அதே உயரம்.

அவள் திரையருகே குனிந்தாள். "விளையாடாதீங்கண்ணே. அடுத்து பள்ளிக்கூடத்துத் தண்ணி. பிள்ளைங்க குடிக்கிறது."

கோடு மெல்லப் படுத்துக்கொண்டது.

குவளையில் ஒரு மடக்குத் தண்ணீர் குறைந்திருந்தது.