சாய்ந்த சாமந்தி

மனைவி கோபித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நான்கு மாதமாகிறது. போன அன்று காலை அவள் நட்ட சாமந்தித் தொட்டியை நர்சரிக்காரர் இரண்டு முறை விற்றார். இரண்டு முறையும் அது திரும்பி வந்தது.

"எப்படித் திருப்பி வச்சாலும் உங்க நர்சரிப் பக்கமே சாயுதுங்க," என்றார் இரண்டாவதாக வாங்கியவர்.

நர்சரிக்காரர் அதை மற்றச் செடிகளோடு வைத்தார். எல்லாம் வெயிலைப் பார்த்து நின்றன. அது மட்டும் பின்சுவர்ப் பக்கம் வளைந்தது. திருப்பி வைத்தார். மதியத்துக்குள் மறுபடியும் வளைந்துவிட்டது.

அங்கே இருப்பது பழைய கிணறு. மூடுங்க, மூடுங்க என்று அவள் வருடக்கணக்காய் நச்சரித்த கிணறு. திரும்பி வந்தால் சந்தோஷப்படுவாளென்று, அவள் போன மறுநாளே, எட்டிக்கூடப் பார்க்காமல் பலகை போட்டு மூடி, மேலே விற்பனைக்கான சிமென்ட் வாத்துகளை அடுக்கியிருந்தார்.

வாத்துகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கடைசி வாத்தை மடியில் வைத்துக்கொண்டு பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.