பெயர் காணப்படவில்லை

"இந்த லட்சணத்துக்குத்தான் உன்னைக் காலேஜ்ல படிக்க வச்சாங்களா?" தாரணி லேப்டாப்பைத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தான் தனேஷ். அந்த வெப்சைட்டைச் செய்தவன் அவன்தான். சொந்தத் தம்பியாக இருந்திருந்தால் இந்நேரம் காதைத் திருகியிருப்பாள்.

மலேசியாவில், செலண்டார் என்ற ஊருக்குப் பக்கத்தில் விற்றுப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய மண்டபம் அது. அங்கே உழைத்த நாற்பது குடும்பங்களுக்கு நாற்பது வீடு என்று முடிவாகியிருந்தது. வெப்சைட்டில் பெயரைப் பதிந்தால் போதும். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதியாதவர்களின் வீடு தோட்டக் கமிட்டியின் கைக்குப் போய்விடும். பிறகு கமிட்டி பார்த்து யாருக்குக் கொடுக்கிறதோ அவர்களுக்குத்தான்.

மணி நாலேகால் ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெத்தம்மாள் முப்பத்திரண்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவள். பத்து நாளாக யார் யார் ஃபோனையோ வாங்கித் தட்டிப் பார்த்தும் 'பெயர் காணப்படவில்லை' என்றுதான் வந்தது. அவளோடு சேர்த்து முப்பத்து நாலு பேருக்கு இதே கதி.

"அந்தா, சுவத்துல ஒட்டியிருக்கிற பட்டியல்ல பதிமூணாவது பேரு என்னுதுதானே?" என்றாள் பெத்தம்மாள். "அங்க இருக்கிற நான் இதுக்குள்ள மட்டும் எங்க போனேன்?"

"கம்ப்யூட்டர் தப்பு லா, பெத்தம்மா. யாரைக் குத்தம் சொல்றது?" என்றார் கமிட்டிச் செயலாளர் வீரப்பன். தாரணியின் அப்பா அவர். "நீயும் அந்தப் பையனைப் போட்டு வறுக்காதம்மா. லீவு போட்டுட்டு வந்து சண்டையா போடுவ?"

"நீங்க பேசாம இருங்கப்பா. உங்க பேரை முத நாளே நான் தட்டினேன், ஒரே தட்டுல போயிருச்சு. உங்களுக்கு வீடு ஆயிருச்சு. பெத்தம்மா அத்தை எங்க போவாங்க?"

மலாக்கா டவுனில் தாரணிக்கும் வெப்சைட் எழுதுவதுதான் வேலை. தனேஷ் எழுதியிருந்ததை வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு ஓரிடத்தில் பற்றிக்கொண்டு வந்தது. யார் எப்படித் தட்டினாலும் பெயரை முழுக்க ஆங்கிலச் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டு, அதைத்தான் தனக்குள் இருக்கும் பட்டியலில் தேடுகிறது வெப்சைட். அந்தப் பட்டியலில் பெத்தம்மாளின் பெயரோ ஐசி அடையாள அட்டையில் உள்ளபடி பெரிய எழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது வேறு பெயர், இது வேறு பெயர்.

"முத வருஷம் படிக்கிற பிள்ளைகூட இப்படிப் பண்ணாது. ரெண்டு பக்கத்தையும் சின்ன எழுத்தா மாத்திட்டுத்தான் ஒப்பிடணும்னு தெரியாது? நீ எழுதினதுல ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. அதுக்காக முப்பத்து நாலு குடும்பம் ரோட்டுல நிக்கணுமா?"

"அவசரப்படாத தாரணி," என்றார் வீரப்பன். "கமிட்டித் தலைவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாம்."

"அவரு வர்றதுக்குள்ள அஞ்சாயிரும்."

அந்த ஒரு வார்த்தையை அவளே சேர்த்தாள். பெத்தம்மாளின் பெயரைத் தட்டினாள். பதிவாகிவிட்டது, வீட்டு எண்ணும் வந்துவிட்டது. பெத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே நிற்பவர்களைக் கூப்பிடப் போனாள்.

தாரணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கொஞ்சம்கூட கவனம் இல்லாத உனக்கு இந்த வேலையை யாரு குடுத்தா?"

"கவனமாத்தான்கா செஞ்சேன்." தனேஷ் முதல் முறையாக வாயைத் திறந்தான். லேப்டாப்பில் பட்டியலை மேலே நகர்த்திக் காட்டினான். நாற்பது பெயர்களில் கமிட்டி ஆட்கள் ஆறு பேரின் பெயர் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. "இந்த ஆறை மட்டும் இப்படிப் போடு, மத்ததைத் தொடாதன்னு சொன்னாங்க."

தாரணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எந்த நாசமாப் போனவன் சொன்னான்? பேரைச் சொல்லு. இப்பவே போய் மூஞ்சில காறித் துப்பிட்டு வர்றேன்."

"எங்கயும் போக வேணாம்கா. உங்க அப்பாதான்."