ஹெடர் பொய் சொல்லாது

மீட்டிங் அறையில் மூன்றே பேர். மேசையின் தலைமாட்டில் முதலாளியம்மா. அவருக்குப் பக்கத்தில், அலுவலகம் முழுக்க 'மாப்பிள்ளை சார்' என்று கூப்பிடும் அவன். முதலாளியம்மாவின் அக்கா மகளைக் கட்டியவன். கடைசி நாற்காலியின் நுனியில், மூன்று வருடமாக அங்கே புரோகிராம் எழுதும் பெண்.

அவளைப் பார்க்கவே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. பார்த்தால் பூனை மாதிரி, செய்வதெல்லாம் இப்படி.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்களுக்கு, டாக்டர் கூப்பிட இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்கிற புரோகிராம். மூன்று மணிக்கு அவள் அதை மெயிலில் முதலாளியம்மாவுக்கு அனுப்பினாள். மூன்றரைக்கு அவன் உள்ளே நுழைந்து, "இது நான் எழுதினது அத்தை" என்றான். வைத்துப் பார்த்தால் இரண்டும் வரி பிசகாமல் ஒன்றே. எழுதியது யாரோ அவருக்குப் புதுக் கிளையின் தலைமைப் பொறுப்பு. திருடியது யாரோ அவருக்கு இன்றே சீட்டுக் கிழியும்.

"மூணு வாரமா நான்தான் மேடம் எழுதினேன்" என்றாள் அவள். "ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தேன். இப்போ போய்ப் பார்த்தா அந்த ஃபோல்டரையே காணோம்."

"எவ்வளவு வசதியா காணாமப் போகுது பாருங்க" என்றான் அவன்.

முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் போன பிறகு அவருடைய நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். மெயிலை அச்செடுத்து, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிப்பவர். இப்படிப்பட்டவரிடம் போய் நியாயம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"ரெண்டு மணிக்கே என் வெப்சைட்ல ஏத்திட்டேன் அத்தை. அங்கேர்ந்து அப்படியே சுட்டிருக்கா."

"அதுக்கு என்ன சாட்சி?"

அவன் பெருமூச்சு விட்டான். லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டினான்.

"வெப் பக்கத்துல தெரியற தேதியெல்லாம் சாட்சி ஆகாது. யாரு வேணா எதை வேணா போட்டுக்கலாம். ஆனா பக்கம் வர்றதுக்கு முன்னாடி சர்வர் சில வரி அனுப்பும். அதுக்குப் பேரு ஹெடர். என்ன வகைப் பக்கம், எவ்வளவு நீளம், கடைசியா எப்போ மாத்தினது, எல்லாம் அதுல வந்துடும். பிரவுசர் அதை நம்ம கண்ணுல காட்டாது. நாமதான் புரோகிராம் எழுதிக் கேட்டு வாங்கணும்."

"பார்சல் மேல ஒட்டியிருக்கிற சீட்டு மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்குங்களேன்" என்றான், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில்.

ஆறே வரி எழுதினான். வெப்சைட்டோடு இணைப்பைத் திறந்து, வந்த ஹெடர்களை ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் போடச் சொன்னான். அவள் பக்கம் திரும்பி, "கத்துக்கோ, உதவும்" என்றான். அவள் கண் கலங்கியது.

திரையில் வரிகள் விழுந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்துத் தட்டினான். கடைசியாக மாற்றிய நேரம்: இன்றைய தேதி, 14:00 ஜி.எம்.டி.

"பதினாலுன்னா ரெண்டு மணி அத்தை. இவ மெயில் வந்தது மூணு மணிக்கு. போதுமா?"

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதை யாரு எழுதறது?"

"சர்வரே எழுதறது. மனுஷங்க கை படவே படாது. அதனாலதான் சொல்றேன், பக்கம் பொய் சொல்லும், ஹெடர் பொய் சொல்லாது."

அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தார். விடிந்துவிடும் போலிருந்தது. அவனுக்குக் கொட்டாவி வந்தது, மறைக்கக்கூட இல்லை.

"மேல இன்னொரு நேரமும் இருக்கே மாப்பிள்ளை. 08:05ன்னு. அது என்ன?"

"சர்வர் பதில் அனுப்பின நேரம். இப்போ, நான் கேட்டப்போ."

"இப்போ சாயங்காலம் நாலு மணி அஞ்சு நிமிஷம் ஆகுது. இது காலையில எட்டுன்னு சொல்லுதே. சர்வருக்குத் தப்புற வழக்கம் உண்டா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இந்த லட்சணத்தில் ஒரு கம்பெனி.

"சர்வர் தப்பாது அத்தை. பக்கத்துல ஜி.எம்.டி.ன்னு இருக்கு பாருங்க, அது உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம். நம்ம சிங்கப்பூர்க் கடிகாரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னாடி. எட்டோட எட்டைக் கூட்டுங்க. பதினாறு. சாயங்காலம் நாலு. காலேஜ்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துடுவாங்க."

"எல்லா வரிக்கும் இதே கணக்குத்தானா?"

"ஹெடர்ல எந்த நேரம் வந்தாலும் இதே கணக்குத்தான். உலகம் பூரா ஒரே சட்டம்" என்று நாற்காலியில் சாய்ந்தான்.

முதலாளியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். அச்செடுத்த மெயிலின் பின்பக்கத்தில் பென்சிலால் பதினாலு என்று எழுதினார். அதன் கீழே எட்டு. கோடு போட்டுக் கூட்டி, தாளை அவன் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"அப்போ நீங்க இதை ஏத்தப்போறது இன்னிக்கு ராத்திரி பத்து மணிக்கு, இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு மாப்பிள்ளை, வீட்டுக்குப் போய் நிதானமா எழுதுங்க."