பக்கத்து இருக்கை

கதவு திறந்தபோது அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் பாதித் தண்ணீர் மூக்கில் ஏறியது.

சங்கத் தலைவர். கேப்டன் தெய்வசிகாமணி.

பெங்களூரில், பயணிகள் விமானக் கம்பெனி ஒன்று ஆளெடுக்கும் இடத்தில், சென்னைச் சரக்கு விமானிகள் சங்கத்தின் தலைவருக்கு என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்கு என்ன வேலை என்று அவர் கேட்பார்.

“மாமனாருக்குக் கண் ஆபரேஷன் சார். இங்கதான், பக்கத்துல.”

“அப்படியா பிரதர்? எனக்கும் இங்க ஒரு... வளைகாப்பு.”

இருவரும் டை கட்டியிருந்தார்கள். இருவர் கையிலும் லைசென்ஸ் ஃபைல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பல்லாவரம் கல்யாண மண்டபத்தில் தலைவர் முழங்கியிருந்தார். சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை ஒரு விமானி, ஒரே ஒரு விமானி, கம்பெனியை விட்டுப் போகக் கூடாது. போனால் நிர்வாகம் மிச்சமிருப்பவர்களை மூட்டைப்பூச்சி மாதிரி நசுக்கிவிடும். போகிறவன் துரோகி. அவர் மேசையைக் குத்தியதில் மைக் கவிழ்ந்தது. இத்தனை சுற்றுப் பேச்சுவார்த்தையிலும் நிர்வாகம் நீட்டிய முந்திரி பிஸ்கட்டை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்று செயலாளர் தழுதழுத்தார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அவனும் தட்டினான். உள்ளங்கை சிவக்க.

மூன்று வருடமாக அதே சம்பளம். இரவெல்லாம் இறாலும் கோழிக்குஞ்சும் ஏற்றிப் பறப்பது, பகலெல்லாம் தூங்குவது. அவன் பிள்ளைகள் வீட்டில் கிசுகிசுத்துப் பேசியே வளர்ந்துவிட்டார்கள். பெங்களூர்க் கம்பெனியில் ஐம்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவனுக்கு அடுத்த மாதம் ஐம்பது முடிகிறது. தலைவர் இரண்டு வயது இளையவர். அவரை அவன் சார் என்பது பதவிக்காக.

இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார்கள்.

அவனும் அவரும் ஒரு ஜோடி.

சிமுலேட்டர் என்பது பறக்காத விமானம். ஆடும், குலுங்கும், கண்ணாடியில் ஓடுபாதை தெரியும். விழுந்தால் உயிர் போகாது. வேலை போகும்.

ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவருக்குத்தான் மார்க், பக்கத்து இருக்கைக்குக் கிடையாது என்று தேர்வாளர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் தலைவர் ஓட்டினார்.

தரையை விட்டு எழும்பியதும் தேர்வாளர் பின்னாலிருந்து இடது இன்ஜினை அணைத்தார். விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. நின்றுபோன இன்ஜினின் லீவரைத்தான் இழுக்க வேண்டும். மேசையைக் குத்திய அந்தக் கை அவசரமாக நீண்டது. நல்ல இன்ஜினின் லீவர் மேல் போய் உட்கார்ந்தது. இழுத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

“சார், அது இல்ல. இடது.”

யோசித்துச் சொல்லவில்லை. இருபது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

சொன்ன பிறகுதான் யோசித்தான். சும்மா இருந்திருந்தால் சங்கத்துக்கு ஒரு தலைவராவது மிஞ்சியிருப்பார்.

தலைவரின் கை இடம் மாறியது. விமானம் நிமிர்ந்தது. தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்து அவன்.

எழும்பினான். வலது இன்ஜின் போயிற்று. காலை ஊன்றி அழுத்தி நேராகப் பிடித்தான்.

இந்த இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒன்று சொல்ல வேண்டும். விமானம் ஏறுகிறது என்று. அதைக் கேட்டதும் ஓட்டுகிறவர் சக்கரத்தை மடக்கச் சொல்வார். அந்தக் குரல் கேட்காமல் அவன் ஒருநாளும் சக்கரத்தை மடக்கச் சொன்னதில்லை.

காத்திருந்தான்.

தலைவர் கண்ணாடிக்கு வெளியே பொய் மேகங்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்தான்.

சக்கரங்கள் தொங்க, ஒற்றை இன்ஜினில், விமானம் தவழ்ந்தது. எச்சரிக்கை மணி அடித்தது. எதிரே கட்டிடங்கள் பெரிதாயின.

சக்கரத்தை எப்போது மடக்குவதாக உத்தேசம் என்று தேர்வாளர் ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார்.

கீழே இறங்கும்போது லிஃப்டில் தலைவர் அவன் தோளில் கை போட்டார்.

“மனசு விட்டுடாதீங்க பிரதர். உங்களுக்குச் சங்கம் இருக்கு.”

அடுத்த ஞாயிறு. அதே மண்டபம்.

உடல்நிலை காரணமாகத் தலைவர் பதவி விலகினார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். சங்கத்தை விட்டு மட்டுமா, கம்பெனியை விட்டுமா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. செயலாளர் மறுபடியும் தழுதழுத்தார். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புதிய தலைவராக அவன் பெயரை அவரே முன்மொழிந்தார்.

“எந்தக் கம்பெனிக்கும் இவர் போக மாட்டார். அதுக்கு நான் கேரன்டி.”

மண்டபம் அதிர்ந்தது. பொன்னாடையையும் அவரே போர்த்தினார். ஜரிகை கழுத்தில் குத்தியது.

மைக் அவன் கைக்கு வந்தது.

சொல்லிவிடலாம்.

நீங்கள் அவரை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பார்கள்.

எண்பது பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்த பழைய தலைவரின் சிரிப்பு ஒரு கணம் நின்றது.

அவன் தொண்டையைச் செருமினான்.

முதலில் அவருடைய தியாகத்துக்கு நன்றி சொன்னான்.