கடைசிப் பதினாறு பக்கம்

“ரெண்டு நாவல்லயும் அதே காவலாளி, அதே பூட்டிக் கிடக்கிற மில்! பேசி வச்சுக்கிட்டு எழுதினீங்களா?” என்று கேட்டார் பரிசுப் போட்டியின் நடுவர்.

“பந்தயம் சார்,” என்றார் கணவர். “பூட்டின மில்லுல தனியா ஒரு காவலாளி, கொல்ல வர்ற எதிரி. இதை வச்சு நான் ஒண்ணு, இவ ஒண்ணு. தோத்தவங்க இனிமே எழுதக் கூடாது.”

பந்தயம் அவர் இழுத்துவிட்டது. மனைவிக்கோ எழுதாவிட்டால் ஒருநாள் ஓடாது.

இரண்டு புத்தகங்களும் ஒரே அச்சகத்தில் அவசர அவசரமாகத் தைக்கப்பட்டு, நேரே நடுவர் வீட்டுக்கு வந்தவை. எழுதியவர்களே இன்னும் புரட்டிப் பார்க்கவில்லை.

“சார், உங்க கதையில நாலு கொலைகாரங்க. பக்கத்துக்குப் பக்கம் வெட்டுக்குத்து. ஒவ்வொருத்தனா விழுந்து, ஒருத்தன் மிச்சம். சும்மா சொல்லக் கூடாது, விறுவிறுன்னு போகுது. அம்மா கதையில வர்றதே ஒருத்தன்தான். கதவுக்கு வெளியே நின்னு இருமறான், அவ்வளவுதான். எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு!”

கணவரின் முகம் சுருங்கியது.

“பரிசு அம்மாவுக்குத்தான்னு நினைச்சேன். கடைசிப் பதினாறு பக்கத்துல சொதப்பிட்டாங்க. அவ்வளவு நிதானமா எழுதினவங்க இப்படியா முடிப்பாங்க? ஆனா சார், உங்க முடிவு இருக்கே... படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். பரிசு உங்களுக்குத்தான்.”

மனைவியின் கண் கலங்கிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்து எழுதிய முடிவு அது.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையில் ஓங்கித் தட்டினார்.

“உனக்கெதுக்கு இந்த வேலைன்னு அப்பவே சொன்னேனா இல்லையா? அந்தப் பதினாறு பக்கத்தை எழுதின கை இனிமே பேனாவைத் தொடவே கூடாது. சார்தான் சாட்சி!”

“சரிங்க,” என்றாள் அவள், புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி.

“சார், என் முடிவைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன். இவளும் கேட்டுக் கத்துக்கட்டும்.”

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணவரின் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்.

“காவலாளி விளக்கை ஏற்றினான். தாழ்ப்பாளைத் தானே நீக்கினான். ‘உள்ளே வா. தனியாக இருக்க எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது’ என்றான்.”

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

“வெளியே இருமல் நின்றது,” என்றாள் மெதுவாக.

நடுவர் பக்கத்தைப் பார்த்தார். அதுதான் கடைசி வரி.

“இன்னும் கடைக்கே வரலையேம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றவர், மற்றப் புத்தகத்தையும் எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார். அதில் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்தது.

அச்சகத்தில் தைத்தவர்கள் இரண்டு புத்தகங்களின் கடைசிக் கட்டான பதினாறு பக்கங்களை மாற்றிச் சேர்த்திருந்தார்கள். மேஜைமேல் இருந்த கணவரின் கை மெல்லக் கீழே இறங்கியது.