புரதம் ஏறாத தாள்

காலை பத்தேகால். ஜன்னல் வெயில் தட்டிலிருக்கும் ஈரத் தாளின் மேல் நேராக விழுகிறது. ஆராய்ச்சி மாணவி அதை இடுக்கியால் தூக்கிப் பிடிக்கிறாள். புரதம் இருந்தால் தெரிய வேண்டிய கோடு ஒன்றுகூட இல்லை. ஒரு குழந்தையின் தொடையிலிருந்து எடுத்த கடுகளவு தசை, மிச்சமில்லாமல் இதற்காக அரைக்கப்பட்டது. குழந்தையின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அப்படியும் உடல் அந்தப் புரதத்தைச் செய்கிறதா என்று தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும். "புரதத்தைக் காட்டற ஆன்டிபாடி பழசா இருக்கும்மா," என்கிறார் பேராசிரியர், கண்ணாடியைத் துடைத்தபடி. "ஆன்டிபாடி என்ன சார் பண்ணும்? அது இல்லாமலே கண்ணுக்குத் தெரியணும்னு ஓரத்துல ஓடவிட்ட கலர் மார்க்கரே தாள்ல ஏறல." ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான பிளாஸ்டிக் சட்டத்தை அவர்முன் திறந்து வைக்கிறாள். மின்சாரம் புரதத்தைக் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தள்ளும். வழியில் புரதம் இருக்கும் ஜெல் முதலில், அதைப் பிடித்துக்கொள்ளும் தாள் அடுத்து இருக்க வேண்டும். நேற்று ஆய்வகத்தைப் பார்க்க வந்த விருந்தாளிகள் போட்டோ எடுக்க, "எங்க காலத்துல கண்ணை மூடிட்டு அடுக்குவோம்" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே அடுக்கினார். தாளை முதலில் வைத்துவிட்டார். புரதமெல்லாம் தொட்டித் தண்ணீரோடு போய்விட்டது. "கண்ணை மூடிட்டுத்தான் அடுக்கியிருக்கீங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார். "சரி விடு. இன்னொரு துண்டு கேட்டா தரமாட்டாங்களா? சின்னத் துண்டுதானே." தாளின் நுனியிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழுகிறது. அவள் தன் போனை அவர் பக்கம் தள்ளுகிறாள். "குழந்தையோட அம்மா நம்பர் இதுல இருக்கு சார். சின்னத் துண்டுதான்னு நீங்களே சொல்றீங்களா?"