யானைக்குக் கண் நடுதல்

வெள்ளைக்காரன் காலத்தில், சவுக்கு மரங்களை நட்டே மலைச்சரிவில் ஒரு யானையை நிற்கவைத்திருந்தார்கள். கீழே ஊரிலிருந்து பார்த்தால்தான் அது யானை. மேலே போனால் வெறும் மரங்கள். அதனால் எந்த மரம் பட்டுப்போனாலும், அதே இடத்தில் கன்று நட இரண்டு பேர் வேண்டும். சவரி கீழே நின்று முகக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காட்டுவார். ஒருமுறை மின்னினால் இடப்பக்கம், இரண்டுமுறை என்றால் வலப்பக்கம், விடாமல் மின்னினால் நடலாம். மேலே கன்றோடு நடப்பவள் அவர் மனைவி பிலோமினாள்.

இந்த முறை காற்றில் விழுந்தது யானையின் கண்ணாக நின்ற ஒற்றைச் செண்பகம். சவரி படுக்கையை விட்டு எழுந்து மாதக்கணக்காகிறது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, இருந்ததிலேயே சிவப்பான சேலையைக் கட்டிக்கொண்டு அவள் மலையேறினாள்.

கண்ணாடி ஒருமுறை மின்னியது. நடந்தாள். இரண்டுமுறை மின்னியது. திரும்பி நடந்தாள். மறுபடியும் ஒருமுறை.

கூட வந்த ரஞ்சிதம் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, பழைய மரம் பேந்த குழி இந்தா வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு. இதுல மாமா என்னத்த எடம் பாக்குறாரு?"

"அது அவருக்கும் தெரியும்டி."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஜன்னலில் கண்ணாடி ஒருமுறை மின்னியது. பிலோமினாள் முந்தானையை நன்றாக விரித்துவிட்டுக்கொண்டு, கன்றை இடுப்பில் வைத்து, குழியைத் தாண்டி இடப்பக்கம் நடந்தாள்.